சூப்பர்சீட்: நடுவில் வருவது ‘எஸ்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ‘சூப்பர்சீட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குத் தந்திருந்த விளக்கத்தில் இரண்டு தவறுகள் உள்ளன. நடுவில் ‘எஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘சி’ அச்சாகியிருக்கிறது. பொருள் ‘முந்திச் செல்லுதல், விஞ்சுதல்’ என்று தரப்பட்டிருக்கிறது; ‘பழையதைச் செல்லாததாக்கி அதன் இடத்தில் அமர்தல்’ என்பதே சரி. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இந்தச் சொல்லைப் போவதோடு தொடர்புடையது என்று எண்ணிவிட்டார்கள். அது பிறந்தது உட்காருவதிலிருந்து. தேர்வுக்குப் படிப்பவர்கள் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துப் படிக்கிறார்கள்; அதனால் ஒரு வரித் திருத்தத்தோடு நிறுத்தாமல் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எழுத்து. எஸ், யூ, பி, இ, ஆர். அடுத்து எஸ், இ, டி, இ. மொத்தம் ஒன்பது எழுத்துகள். முன்பாதி ‘சூப்பர்’, பின்பாதி ‘சீட்’. எஸ்-இ-டி-இ என்று முடியும் ஆங்கில வினைச்சொல் இது ஒன்றே. பிழை இவ்வளவு பரவியதற்கும் இந்தத் தனிமைதான் காரணம். ஒரே ‘சீட்’ ஓசைக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டல்கள் உண்டு. சி-இ-டி-இ என்று முடிபவை பல. விட்டுக்கொடுத்தலைக் குறிக்கும் ‘சீட்’, இணங்குதலைக் குறிக்கும் ‘அக்சீட்’, ஒப்புக்கொள்ளும் ‘கன்சீட்’, பரிந்து பேசும் ‘இன்டர்சீட்’, முன்னால் வரும் ‘ப்ரிசீட்’, பின்வாங்கும் ‘ரிசீட்’, பிரிந்துபோகும் ‘சிசீட்’ ஆகிய ஏழும் அடிக்கடி கண்ணில் படுபவை. சி-இ-இ-டி என்று முடிபவை மூன்றே: சக்சீட், ப்ரொசீட், எக்சீட். கை பழகிப்போன இந்தப் பத்துக்கும் நடுவில் பதினொன்றாவதாகச் சூப்பர்சீட் வரும்போது விரல் தானாகவே ‘சி’யைத் தொடுகிறது. அதிலும் ‘இன்டர்சீட்’ என்ற சொல்லில் ‘ஆர்’ எழுத்தை அடுத்துச் ‘சி’ வருவதால், ‘சூப்பர்’ என்பதற்குப் பின்னும் அப்படித்தான் வரும் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது.

அந்த மூன்று சொற்களை நினைவில் வைக்க ஆங்கில ஆசிரியர்கள் சொல்லித்தரும் வழி நல்ல வழி. வேகத்தைக் குறிக்கும் ‘ஸ்பீட்’ என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகள் எஸ், பி, இ. இவை சக்சீட், ப்ரொசீட், எக்சீட் ஆகியவற்றின் முதலெழுத்துகள். ஸ்பீடும் இரட்டை ‘இ’, ‘டி’ என்றே முடிகிறது. இந்த மூன்றுக்கும் மற்ற ஏழுக்கும் இடையே வேரில் வேறுபாடே கிடையாது. எல்லாம் லத்தீன் மொழியின் ‘கேதேரே’ என்ற வினையிலிருந்து வந்தவை. போ, விலகு, விட்டுக்கொடு என்பன அதன் பொருள்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் நிலைபெறாத காலத்தில் நீண்ட ‘ஈ’ ஓசையைச் சிலர் ஒருவிதமாகவும் சிலர் வேறுவிதமாகவும் எழுதினார்கள். மூன்று சொற்களில் இரட்டை ‘இ’ ஒட்டிக்கொண்டுவிட்டது. இதற்கு விதி தேடிப் பயனில்லை, மனப்பாடம் செய்வதே வழி. அதற்குள் இன்னொரு பொறியும் இருக்கிறது: ‘ப்ரொசீட்’ என்ற வினையில் இரட்டை ‘இ’ வரும், அதிலிருந்து பிறந்த ‘ப்ரொசீஜர்’ என்ற பெயர்ச்சொல்லில் ஒற்றை ‘இ’தான்.

சூப்பர்சீடில் மனப்பாடத்துக்கு வேலை இல்லை. அதன் ‘எஸ்’ஸுக்குத் தெளிவான காரணம் உண்டு. லத்தீன் மொழியில் ‘சூப்பர்’ என்றால் மேலே, ‘செதேரே’ என்றால் உட்காருதல். இரண்டும் சேர்ந்து ‘சூப்பர்செதேரே’. ஓரிடத்தில் உட்கார்ந்தே வேலை செய்வதைக் குறிக்கும் ‘செடன்டரி’, அடியில் தங்கும் வண்டலைக் குறிக்கும் ‘செடிமென்ட்’, அமர்வைக் குறிக்கும் ‘செஷன்’ எல்லாம் அதே வேரின் பிள்ளைகள். சமஸ்கிருதத்தின் ‘சத்’ என்ற வினையடியும் இதற்கு உறவு. அருகில் அமர்தலைக் காட்டும் உபநிஷதம், சுற்றி அமரும் பரிஷத் ஆகியவற்றில் இருப்பது அந்த அடிதான். ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான ‘சிட்’, நாம் பேருந்தில் தேடும் ‘சீட்’ இரண்டும் அதே குடும்பம். ஆக, சூப்பர்சீடில் ஒலிக்கும் சீட்டை உட்காரும் சீட்டு என்று நினைத்துக்கொண்டால் ‘எஸ்’ தவறவே தவறாது.

உட்காருதல் என்ற வேரிலிருந்து இத்தனை சொற்கள் வந்திருக்க, எஸ்-இ-டி-இ என்று முடிவது மட்டும் ஏன் ஒன்றே ஒன்று? காரணம் லத்தீன் இலக்கணத்தில் இருக்கிறது. ‘செதேரே’ முன்னொட்டோடு சேரும்போது அதன் முதல் ‘எ’ பெரும்பாலும் ‘இ’ ஆகத் திரிந்துவிடும், தமிழ்ப் புணர்ச்சியில் எழுத்துத் திரிவது மாதிரி. தலைமை தாங்கி அமர்வது ‘ப்ரைசிதேரே’ ஆயிற்று, தங்கியிருப்பது ‘ரெசிதேரே’ ஆயிற்று. அவற்றிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்கள் ப்ரிசைட், ரிசைட். இவற்றில் ‘எஸ்’ பத்திரமாக இருக்கிறது, உயிரெழுத்து மாறிவிட்டது. ‘சூப்பர்செதேரே’ அப்படித் திரியாமல் தப்பியது. அது ஆங்கிலத்துக்கு வந்தபோது துணைக்கு ஒரு சொல்கூட இல்லை.

இனிப் பொருள். மேலே உட்காருவது எப்படி ‘நீக்கிவிட்டு அந்த இடத்துக்கு வருவது’ ஆயிற்று என்பதுதான் இந்தச் சொல்லின் வரலாற்றில் சுவையான பகுதி. லத்தீனிலேயே ‘சூப்பர்செதேரே’ என்றால் மேலே அமர்வது மட்டுமில்லை. ஒரு செயலில் இறங்காமல் விலகியிருப்பதும்தான். கி.மு. 57இல் வடக்குக் கௌல் பகுதியில் (இன்றைய வட பிரான்ஸ், பெல்ஜியம்) பெல்கே என்ற இன மக்களை எதிர்கொண்ட ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர், எதிரிகளின் எண்ணிக்கையையும் வீரத்துக்கு அவர்கள் பெற்றிருந்த பெயரையும் கருதி, முதலில் போரில் இறங்காமல் இருக்க முடிவு செய்ததாக எழுதுகிறார். அங்கே அவர் கையாளும் வினை இதுதான். கோப்பை நகர்த்தாத அதிகாரியை ‘ஃபைல் மேல் உட்கார்ந்திருக்கிறார்’ என்று நாம் சொல்கிறோமே, அதற்கு மிக அருகில் வருகிற பொருள்.

அங்கிருந்து சொல் நீதிமன்றத்துக்குள் நுழைந்தது. இடைக்கால இங்கிலாந்தில் ‘சூப்பர்சீடியஸ்’ என்ற பெயரில் ஒரு நீதிப்பேராணை வழங்கப்பட்டது. ‘நீ இதை நிறுத்தி வைப்பாயாக’ என்பது அந்த லத்தீன் சொல்லின் நேர்ப்பொருள். நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் ‘ஹேபியஸ் கார்பஸ்’ பேராணையில் உள்ள ‘ஹேபியஸ்’ என்பதும் இதே ஏவல் வடிவம்தான். ஆணையின் முக்கியச் சொல்லே ஆணைக்குப் பெயராக நிலைத்தது. சூப்பர்சீடியஸ் வந்துவிட்டால் கீழே நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கை அப்படியே நிற்கும். அமெரிக்காவில் இந்தப் பெயர் இன்றும் புழங்குகிறது. பணம் கட்ட வேண்டும் என்று தமக்கு எதிராகத் தீர்ப்பு வந்தவர் மேல்முறையீடு செய்யும்போது, அது முடியும் வரை தீர்ப்பு நிறைவேற்றப்படாமல் இருக்க அவர் தரும் பிணைக்குச் ‘சூப்பர்சீடியஸ் பாண்ட்’ என்று பெயர்.

வினைச்சொல்லாக இது முதலில் தெரிவது 15ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில். அப்போது பொருள் ‘ஒத்திவை, தள்ளிப்போடு’. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ‘நீக்கிவிட்டு அதன் இடத்தை எடுத்துக்கொள்’ என்ற இன்றைய பொருள் வருகிறது. நீதிமன்றத்தை மனத்தில் வைத்தால் இந்த மாற்றம் எளிதில் விளங்கும். மேலிருந்து ஓர் ஆணை வருகிறது. கீழே உள்ள ஆணை செயலிழக்கிறது. செல்லுபடியாவது மேலே உள்ளது மட்டுமே. நிறுத்துவதில் தொடங்கிய சொல், நிறுத்திய இடத்தில் தானே அமர்வதில் வந்து முடிந்தது.

‘சி’ போட்டு எழுதும் வழக்கம் இன்று நேற்று வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இடைக்கால லத்தீனிலும் பழைய பிரெஞ்சிலுமே இந்தச் சொல் ‘கேதேரே’ குடும்பத்தோடு குழம்பிவிட்டது. ஸ்காட்லாந்தில் முதலில் கிடைக்கும் வடிவத்திலேயே ‘சி’தான் இருக்கிறது. லத்தீன் மூலத்தைப் பார்த்து எழுதத் தொடங்கிய பிறகு ‘எஸ்’ திரும்பி வந்து நிலைபெற்றது. இன்றைய அமெரிக்க அகராதிகளில் ‘சி’ வடிவத்தையும் மாற்று வடிவமாகக் காட்டுபவை உண்டு. ஆனால் அது பிழையென்றே பரவலாகக் கருதப்படுகிறது. பழமை இருக்கிறதே என்று இதற்குப் பரிந்து பேசுபவர்களை நான் ஏற்கவில்லை. தேர்விலும் ஒப்பந்தத்திலும் அச்சிலும் ‘எஸ்’ஸே பாதுகாப்பு. ‘சி’ போட்டால் சொல்லின் உள்ளே இருக்கும் உட்காருதல் மறைந்துபோகிறது. அதோடு பொருளும் நழுவுகிறது. தங்கள் விளக்கத்தில் நடந்தது அதுதான்.

குழப்பத்தின் வலிமைக்கு இதைவிடப் பெரிய சான்று இன்னொரு சொல்லில் இருக்கிறது. ‘சூப்பர்செதேரே’ பிரெஞ்சு மொழிக்குள் போய் ‘சுர்ஸ்வார்’ என்று தேய்ந்தது. ஒத்திவைப்பைக் குறிக்கும் ‘சுர்சி’ அதிலிருந்து வந்தது. பிரெஞ்சுச் சட்டமொழியில் இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அந்த வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்த சொல் ‘சர்சீஸ்’. நிறுத்துதல், ஓய்தல் என்று பொருள். பழைய கவிதைகளில் பார்க்கலாம். அதன் பின்பாதியைக் கேட்ட ஆங்கிலேயர்கள், ஓய்தலைக் குறிக்கும் ‘சீஸ்’ என்ற சொல்தான் உள்ளே இருக்கிறது என்று எண்ணி, அதைப் போலவே ‘சி’ போட்டு எழுதிவிட்டார்கள். அந்தச் ‘சீஸ்’ பிறந்ததோ ‘கேதேரே’ குடும்பத்தில். ஒரே லத்தீன் வினை இரண்டு வழிகளில் ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டு இடத்திலும் ‘கேதேரே’ குறுக்கிட்டது. சர்சீஸில் ‘சி’ வென்று நிலைத்தது, சூப்பர்சீடில் ‘எஸ்’ தப்பிப் பிழைத்தது.

பெயர்ச்சொல்லிலும் இதே வேறுபாடு தொடர்கிறது. சூப்பர்சீடின் பெயர்ச்சொல் ‘சூப்பர்செஷன்’. ‘ஆர்’ எழுத்துக்குப் பின் எஸ்-இ-எஸ்-எஸ்-ஐ-ஓ-என். அதாவது, ‘செஷன்ஸ் கோர்ட்’ என்கிறோமே, அதே செஷன். அமர்வு நீதிமன்றம் என்று தமிழாக்கியவர்கள் வேரைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். ‘கேதேரே’ குடும்பத்தின் பெயர்ச்சொற்களான கன்செஷன், ரிசெஷன், சிசெஷன் ஆகியவற்றில் அந்த இடத்தில் ‘சி’ வரும். வினையில் சந்தேகம் வந்தால் பெயர்ச்சொல்லை எழுதிப் பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். ‘செஷன்’ என்ற சொல்லைச் ‘சி’ போட்டுத் தொடங்குபவர்கள் மிகக் குறைவு.

தேனீ வளர்ப்பில் மட்டும் ‘சூப்பர்சீஜர்’ என்ற தனிப் பெயர்ச்சொல் புழங்குகிறது. இந்த வினையின் முழுப் பொருளையும் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் அது. ராணித் தேனீக்கு வயதாகி முட்டையிடுவது குறைந்தாலோ அதன் மணம் மங்கினாலோ, பணித்தேனீக்கள் புதிய ராணியை வளர்க்கத் தொடங்குகின்றன. அதற்காகக் கட்டும் ராணி அறைகள் சிலவே. பெரும்பாலும் அடையின் முகப்பில், நடுப்பகுதியில் தொங்கும். கூட்டம் பிரிவதற்காகக் கட்டுபவை எண்ணிக்கையில் அதிகம், அடையின் கீழ் விளிம்பை ஒட்டி வரிசையாக இருக்கும். வளர்ப்பவர் இரண்டையும் குழப்பிக்கொண்டு முதல் வகை அறைகளை நசுக்கிவிட்டால், கிழ ராணியோடு கூடே நலியும். முட்டையிலிருந்து ஏறத்தாழ 16 நாளில் புதிய ராணி வெளிவரும். சில கூடுகளில் தாயும் மகளும் கொஞ்ச காலம் சேர்ந்தே முட்டையிடுவதும் உண்டு. கூடு அதே கூடுதான், வேலை அதே வேலைதான், இருக்கையில் இருப்பவர்தான் வேறு. ‘முந்திச் செல்லுதல்’ என்ற விளக்கத்தை இங்கே வைத்துப் பார்த்தால் எவ்வளவு பொருந்தாது என்பது புரியும்.

அளவைகளிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. மீட்டர் என்பதற்கு 1889 முதல் ஓர் உலோகக் கோல் அடிப்படையாக இருந்தது. 1960இல் கிரிப்டான்-86 அணு உமிழும் ஒளியின் அலைநீளத்தை வைத்துப் புதிய வரையறை வந்தது. 1983இல் அதுவும் போய், வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவே மீட்டர் என்றாயிற்று. ஒவ்வொரு வரையறையும் முந்தையதைச் சூப்பர்சீட் செய்தது. மீட்டர் என்ற இடம் காலியாகவே இல்லை. பழைய வரையறைக்கு அதிகாரம் மட்டும் போயிற்று. இடம் தொடர வேண்டும், பழையது செல்லாததாக வேண்டும், புதியது அங்கே அமர வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் இந்த வினை பொருந்தும்.

இதை வைத்தே பக்கத்துச் சொற்களைப் பிரித்துவிடலாம். ‘ரிப்பீல்’, ‘ரிவோக்’ இரண்டும் ரத்து செய்வதோடு நின்றுவிடும். அந்த இடத்துக்கு வேறொன்று வர வேண்டியதில்லை. ‘சக்சீட்’ என்றால் ஒருவருக்கு அடுத்து வருவது. முன்னவர் தானாக விலகியிருக்கலாம், காலமாகியிருக்கலாம். ‘ஓவர்ரைடு’ என்ற மீறுதலில், பழையது உயிரோடு இருக்கும், அந்த நேரத்துக்கு மட்டும் அடங்கியிருக்கும். ‘சப்ளான்ட்’ என்பதன் வேர் உள்ளங்காலைக் குறிப்பது, காலை வாரிவிடுவது என்று பொருள். எனவே அதில் சூழ்ச்சியின் சாயல் உண்டு. ‘ரிப்ளேஸ்’ இவை எல்லாவற்றையும் விடப் பொதுவானது. பழுதான விளக்கை மாற்றுவதற்கு ரிப்ளேஸ் போதும்; அங்கே சூப்பர்சீட் என்று எழுதினால் சிரிப்பார்கள்.

வாக்கியத்தில் வைக்கும்போது புதியது எழுவாய், பழையது செயப்படுபொருள். இதைத் தலைகீழாக்கிவிடுவது தேர்வுத்தாள்களில் சாதாரணம். வினைக்குப் பின் ‘ஓவர்’ சேர்க்கக் கூடாது. மேலே என்ற பொருள் ‘சூப்பர்’ என்பதிலேயே வந்துவிட்டது. செயப்பாட்டு வினையில் ‘பை’ வரும். ‘டு’, ‘ஃப்ரம்’ வராது.

தமிழாக்கம்தான் தங்கள் செய்திப் பிரிவினருக்கு உடனே பயன்படும் என்பதால் அதையும் சொல்கிறேன். ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டவைக்க முயல்வதால்தான் செய்திகள் கெடுகின்றன. ஆணை ஒன்று முந்தைய ஆணைகளைச் சூப்பர்சீட் செய்தால், ‘முந்தைய ஆணைகளை ரத்து செய்து, அவற்றுக்குப் பதிலாக இந்த ஆணை வெளியிடப்படுகிறது’ என்று இரண்டு பகுதியையும் எழுத வேண்டும். ‘ரத்து’ மட்டும் எழுதினால் புதியது இருப்பது தெரியாது. ‘பதிலாக’ மட்டும் எழுதினால் பழையது செத்துவிட்டதா என்று தெரியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு சூப்பர்சீட் செய்யப்பட்டது என்றால், குழு விலக்கப்பட்டு அதன் அதிகாரம் வேறொருவரிடம் கொடுக்கப்பட்டது என்று பொருள். அதிகாரி ஒருவர் சூப்பர்சீட் செய்யப்பட்டார் என்றாலோ கதை வேறு: அவரைத் தாண்டி, அவருக்கு இளையவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. ‘பணிமூப்பு மீறப்பட்டது’ என்பதே சரி. இதைப் ‘பதவி பறிப்பு’ என்று எழுதினால் அது தவறான செய்தி. அவர் தம் பதவியிலேயே இருக்கிறார்.

அலுவலக ஆணைகளின் முதல் வரியில் வரும் மூன்று தொடர்களையும் கலக்கக் கூடாது. ‘இன் சூப்பர்செஷன் ஆஃப்’ என்றால் பழைய ஆணை முழுவதும் போயிற்று. ‘இன் பார்ஷியல் மாடிஃபிகேஷன் ஆஃப்’ என்றால் ஒரு பகுதி மட்டும் மாறுகிறது, மற்றது நிற்கிறது. ‘இன் கன்டின்யூயேஷன் ஆஃப்’ என்றால் பழையது முழுவதும் நிற்கிறது, இது அதன் தொடர்ச்சி. விதிகளை மாற்றும் அறிவிக்கைகளில், ‘இந்த மாற்றத்துக்கு முன் செய்தவையும் செய்யாமல் விட்டவையும் நீங்கலாக’ என்ற வாசகத்தைச் சேர்ப்பார்கள். பழைய விதியின் கீழ் ஏற்கெனவே நடந்தவை செல்லும் என்பதற்கான காப்பு அது. செய்தியில் இடமில்லை என்று விட்டுவிடுவது இந்த வரியைத்தான். படிப்பவர்களை மிகவும் பாதிப்பதும் இந்த வரிதான்.

ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்தில், ‘இந்த ஒப்பந்தம் இதற்கு முந்தைய எழுத்து, வாய்மொழி ஒப்பந்தங்கள் அனைத்தையும் சூப்பர்சீட் செய்கிறது’ என்று ஒரு பிரிவு இருக்கும். கையெழுத்திடுபவர்கள் அதைச் சடங்காக எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். அதே தரப்பினர் அதே பொருள் குறித்து முன்பு போட்டுக்கொண்ட ரகசியக் காப்பு ஒப்பந்தமும் இந்த ‘அனைத்தையும்’ என்ற சொல்லுக்குள் அடங்கிப்போக வாய்ப்புண்டு. அது தொடர வேண்டுமானால், அதன் தேதியைக் குறிப்பிட்டு ‘இது நீங்கலாக’ என்று அந்தப் பிரிவிலேயே எழுதிவிட வேண்டும்.

திருத்தம் வெளியிடும்போது எழுத்தை மட்டும் மாற்றாமல் பொருளையும் சேர்த்து மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘பழையதைச் செல்லாததாக்கி அதன் இடத்தில் அமர்தல்’ என்று கொடுத்தால் போதும். அதே பெட்டியில் ‘சூப்பர்செஷன்’ என்ற பெயர்ச்சொல்லை நான்கு ‘எஸ்’ஸோடு அச்சிடுங்கள்; மெய்ப்புப் பார்க்கும்போது ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஆங்கிலம் – தமிழ் மொழிபெயர்ப்பாளர்